எழுபத்தொரு நடை வீடியோக்கள்

2024 நவம்பர் 9, சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, பெங்களூரின் 'நம்ம நடை' என்ற வாட்ஸாப் குழுவில் 412 பேர் இருந்தார்கள். குழுவின் உச்சியில் நிலையாக நிறுத்தி வைத்திருந்த பட்டியலில் டாக்டர் ராகேஷ் பெயருக்கு எதிரே 71 என்றும், அடுத்த இடத்தில் இருந்த மருத்துவருக்கு எதிரே 8 என்றும் எழுதியிருந்தது.

அவை நடை வீடியோக்களின் எண்ணிக்கை. இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டவர் நாற்பத்தைந்தாம் நாள் கைத்தடியை வைத்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே பத்து அடி கேமராவை நோக்கி நடந்து வர வேண்டும். வீட்டில் யாராவது அதைப் படம் எடுத்துக் குழுவில் போடுவார்கள். அன்று முழுவதும் வாழ்த்துகள் வந்துகொண்டிருக்கும். யாரும் இதைச் சட்டமாக்கவில்லை. முதலில் மெர்சி தன் வீடியோவைப் போட்டார், இரண்டாவதாகக் குணசேகர் போட்டார், அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது.

குணசேகருக்கு நாற்பத்தாறு வயது. கோலார் தங்கவயலில் பிறந்து, பெங்களூர் விளிம்பிலுள்ள ஹெப்பகோடியில் குடியிருந்து, பக்கத்துப் பொம்மசந்திராவில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்தார். 2021 மே மாதம் கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு அவர் உயிரைக் காப்பாற்றியது. பதினோரு மாதம் கழித்து இரண்டு இடுப்பிலும் வலி வந்தது. ரத்த ஓட்டம் நின்று தொடை எலும்பின் பந்து செத்துப்போகும் நோய் என்றார்கள். அவரைப் போல நகரில் பலர் இருந்தார்கள்; முப்பது, நாற்பது வயதில் கைத்தடியோடு எலும்பு மருத்துவர்களின் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள். விவேக் நகரைச் சேர்ந்த மெர்சி என்ற பள்ளி ஆசிரியை அந்த வரிசைகளில் பார்த்தவர்களின் எண்களைச் சேர்த்துத்தான் குழுவைத் தொடங்கினார். 2022 ஆகஸ்டில் டாக்டர் ராகேஷ் குணசேகரின் வலது இடுப்பை மாற்றினார். இடது பக்கமும் அவரிடமே, 2025 ஜனவரியில் என்று முடிவாகியிருந்தது.

கூகுள் ஷீட்டில் பட்டியலைப் பராமரித்தது குணசேகர்தான். ஒருவருக்கு அறுவைத் தேதி கிடைத்ததும் பெயர், எண், மருத்துவர், தேதி என்று ஒரு வரி சேர்ப்பார். வீடியோ வந்ததும் கடைசிக் கட்டத்தில் டிக் போடுவார். யாராவது குழுவை விட்டுப் போனால் அந்த வரியை நீக்கிவிடுவார். குழுவில் இல்லாதவரின் எண் முன்பின் தெரியாதவர்கள் கையில் இருக்கக் கூடாது என்று மெர்சி சொன்னது அவருக்கும் சரியாகப் பட்டது. மெர்சி இன்னொரு விதியும் வைத்திருந்தார். புதியவர்களைப் பயமுறுத்தும் எதையும் பொதுவில் எழுதக் கூடாது. தொந்தரவு இருந்தால் நிர்வாகிகளிடம் தனியாகப் பேச வேண்டும். நிர்வாகிகள் அவர்கள் இருவரும்தான்.

அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் தமயந்தி என்ற பெண் குழுவில் எழுதினார்: "எல்லாருக்கும் வணக்கம். எனக்கு திங்கக்கிழமை ஆபரேஷன். டாக்டர் ராகேஷ்கிட்ட இந்த வருஷம் பண்ணிக்கிட்டவங்க யாராவது ரெண்டு நிமிஷம் போன்ல பேச முடியுமா?"

தமயந்தியைக் குணசேகருக்குத் தெரியும். முப்பத்தாறு வயது, கார்மென்ட்ஸ் கம்பெனியில் காலர் தைப்பவர், கணவர் உத்தமன் ஏர்போர்ட் டாக்சி ஓட்டுகிறார். இடது இடுப்பு போய்விட்டதால் மெஷின் பெடலை மிதிக்க முடியாமல் ஆகஸ்டிலிருந்து விடுப்பில் இருந்தார். ஜனவரி 20க்குள் வேலைக்கு வராவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவர் பார்த்துவிட்டு, பிப்ரவரியில் செய்கிறேன் என்றிருந்தார். அக்டோபரில் தமயந்தி யோசனை கேட்டு அழைத்தபோது, குணசேகர் பட்டியலைத் திறந்து பார்த்துச் சொன்ன பதில் இதுதான்: "அங்க மூணு வீடியோதான்மா இருக்கு. இங்க எழுபது. இதுல யோசிக்க என்ன இருக்கு?" அவரே டாக்டர் ராகேஷுக்குப் போன் செய்து தேதியும் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு மணிக்குள் தமயந்தியின் கேள்விக்கு நாற்பத்தாறு பதில்கள் வந்துவிட்டன. பாதி கும்பிடும் கைப் படங்கள். தங்க மனுஷன் என்று ஒருவரும், கண்ணை மூடிக்கொண்டு போங்கள் என்று இன்னொருவரும் எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் எல்லாரும் 2022, 2023 ஆட்கள். இந்த ஆண்டு செய்துகொண்டவர்கள் இரண்டே பேர் பதில் போட்டிருந்தார்கள். இருவரும் ஜனவரியில் செய்துகொண்டவர்கள். கடைசியாக மெர்சி, ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறோம், தைரியமாகப் போங்கள் என்று எழுதி முடித்து வைத்தார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. குணசேகர் கம்பெனி கேண்டீனிலேயே உட்கார்ந்து, சமீபத்தில் செய்துகொண்ட யாராவது ஒருவரின் எண்ணைத் தமயந்திக்குக் கொடுக்கலாம் என்று ஷீட்டைத் திறந்தார். தேதி வாரியாக வரிசைப்படுத்தினார். இதுவரை அவர் அப்படிச் செய்ததில்லை. மருத்துவர் வாரியாகத்தான் பார்ப்பார். டாக்டர் ராகேஷின் எழுபத்தொன்றில் ஐம்பத்தெட்டு 2023 டிசம்பரோடு முடிந்திருந்தது. இந்த ஆண்டு பதின்மூன்று. அதில் பதினொன்று மார்ச் முடிவதற்குள். ஏப்ரலிலிருந்து இரண்டே இரண்டு.

டாக்டர் முன்பைவிட அதிகமாக அறுவை செய்கிறார் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாரத்துக்கு மூன்று பேர். இப்போது வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு ஐந்து பேர். அவர்களில் வாரத்துக்கு ஒருவரையாவது அனுப்புவது இந்தப் பட்டியல்தான். அப்படியானால் வீடியோக்கள் எங்கே?

ஷீட்டின் பழைய பதிப்புகளைப் பார்க்கும் வசதி உண்டு. குணசேகர் அதைத் திறந்து மாதம் மாதமாகப் பின்னால் போனார். அவரே நீக்கிய வரிகள் பச்சை நிறத்தில் திரும்பி வந்தன. ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார். டாக்டர் ராகேஷிடம் செய்துகொண்டு குழுவை விட்டுப் போனவர்கள் இருபத்தொன்பது பேர். அதில் பதினேழு பேர் இந்த ஆண்டு செய்துகொண்டவர்கள்.

தொழிற்சாலையில் ஒவ்வொரு மெஷினுக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்பு டப்பா இருக்கும். தேறாத பாகங்கள் அதில் போகும். அந்த டப்பாவை எண்ணாமல், எதனால் தேறவில்லை என்று எழுதாமல், நல்ல பாகம் ஒன்றுகூட வாசலைத் தாண்டாது. பத்தொன்பது ஆண்டுகளாக அதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

போனவர்கள் எல்லாரும் கெட்டுப்போனவர்கள் என்று அர்த்தமில்லை என்பதை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குணமானவர்களும் குழுவை விட்டுப் போவார்கள். சனிக்கிழமை மாலை ஏழு மணி வரைக்கும் அந்தப் பதினேழு எண்களையும் மாற்றி மாற்றி அழைத்தார். பதினோரு பேர் எடுத்தார்கள். நான்கு பேர் நன்றாக நடந்துகொண்டிருந்தார்கள். காலை வணக்கப் படங்கள் தாங்க முடியாமல் போனதாகச் சொன்னார்கள். ஏழு பேர் நன்றாக இல்லை. மூன்று பேருக்குப் பொருத்திய பந்து கழன்றிருந்தது. இரண்டு பேருக்கு உள்ளே சீழ் பிடித்திருந்தது. இரண்டு பேருக்கு ஒரு கால் குட்டையாகிவிட்டது. பழைய பன்னிரண்டு பேரை அழைக்க அவருக்கு நேரமில்லை. தமயந்தி மறுநாள் மாலை நான்கு மணிக்கு மருத்துவமனையில் சேர வேண்டும்.

ஏழு பேரில் ஒருவரான சண்முகம் ஹெப்பகோடியிலேயே இருந்தார். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் குணசேகர் நேரில் போனார். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒற்றை அறை. திருப்பத்தூர்க்காரர், கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர். பிளாஸ்டிக் நாற்காலியின் நான்கு கால்களுக்கும் அடியில் செங்கல் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். தாழ்வாக உட்கார்ந்தால் பந்து மறுபடி கழன்றுவிடும்.

"வாங்க ஸார். நான் நடக்கறத பாக்க வந்தீங்களா?" என்றார்.

குணசேகர் நின்றுகொண்டே இருந்தார். சண்முகத்தின் மனைவி ஸ்டூலைத் துடைத்துப் போட்ட பிறகு உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். மே மாதம் அறுவை நடந்தது. முப்பத்தெட்டாம் நாள் கட்டிலிலிருந்து எழும்போது முதல் முறை கழன்றது. ஜூலையில் இரண்டாம் முறை. இப்போது மறு அறுவைக்கு வேறு மருத்துவரிடம் காத்திருக்கிறார். குழுவில் ஏன் சொல்லவில்லை என்று குணசேகர் கேட்டார்.

"உங்ககிட்ட சொன்னேனே. தனியா பேசுங்கன்னு ரூலு, பேசினேன். பொறுமையா இருங்க, டாக்டர் பாத்துக்குவார்னீங்க. பொறுமையா இருந்தேன்."

குணசேகருக்கு அந்த அழைப்பு நினைவில் இல்லை.

"அப்புறம் ஏன் போனீங்க?"

"தெனம் ஒருத்தன் நடந்து வரான் ஸார். காலையில கண்ணத் தொறந்தா ஒருத்தன் நடந்து வரான். எவ்ளோ நாள் பாக்கறது?" சண்முகம் செங்கல்லைக் காலால் லேசாகத் தட்டினார். "நாங்களும் எடுத்தோம் ஒரு வீடியோ. இவதான் எடுத்தா. நாலாவது அடியில நின்னுட்டேன். அதுக்கு ஒரு டிக் உண்டா உங்ககிட்ட?"

பிறகு அவராகவே அறுவை நடந்த நாளைப் பற்றிச் சொன்னார். முதுகில் ஊசி போட்டிருந்ததால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது, ஆனால் விழித்துத்தான் இருந்தார். அன்றைக்கு அவர் நான்காவது ஆள். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. டாக்டரின் குரல் அடையாளம் தெரிந்தது. சுத்தியல் சத்தம் வருவதற்கு முன்னாலேயே அந்தக் குரல் கன்னடத்தில், நீங்க முடிச்சிடுங்க, நான் அடுத்த ரூமுக்குப் போறேன் என்றது. கதவு மூடும் சத்தம் கேட்டது. "அதுக்கப்புறம்தான் ஸார் சுத்தி எடுத்தாங்க. யாரு அடிச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

கிளம்பும்போது, கேட்பவர்களுக்குத் தன் எண்ணைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று சண்முகம் சொன்னார். "வீடியோ வேணும்னாலும் தரேன். நாலு அடிதான் இருக்கு."

சந்து முனையில் நின்று குணசேகர் மெர்சியை அழைத்தார். மெர்சி அப்போதுதான் ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வெளியே வந்திருந்தார். பின்னணியில் ஆட்டோ ஹாரன்கள் கேட்டன. குணசேகர் எண்களைப் படித்தார். மெர்சி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"குணா அண்ணா, நான் ரெண்டு வருஷம் படுக்கையில இருந்தவ. இன்னிக்கு பஸ் ஏறி ஸ்கூலுக்கு போறேன். அந்த மனுஷனப் பத்தி நீங்க என்கிட்ட எண்ணிக்கை சொல்றீங்க."

"உங்களுக்கு நல்லாதான் பண்ணாரு சிஸ்டர். எனக்கும்தான். இப்ப பண்றது அவரே இல்லன்னு சொல்றேன்."

"ஒரு ஆளு சொன்னத வெச்சா?"

"ஏழு பேரு."

மெர்சி வேறொன்றைச் சொன்னார். இந்தக் குழுவில் பயந்துபோய் அறுவையே வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டவர்கள் உண்டு. எலும்பு நொறுங்கி, கடைசியில் எந்த மருத்துவரும் தொட மாட்டேன் என்ற நிலைக்குப் போனவர்கள் உண்டு. நாளை காலை அறுவை வைத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் இன்றைக்குப் போய் இதைச் சொன்னால், அவளும் அப்படி உட்கார்ந்துவிட்டால், அதற்கு யார் பொறுப்பு? வேண்டுமானால் டாக்டரிடமே கேளுங்கள், குழுவில் மட்டும் எழுதாதீர்கள் என்றார். "எழுதினா நான் எடுத்துடுவேன். முன்னாடியே சொல்லிட்டேன்."

பதினொன்றரை மணிக்கு ஒரு பேக்கரி வாசலில் நின்று குணசேகர் டாக்டர் ராகேஷை அழைத்தார். போன் இரண்டாவது முறை ஒலித்ததுமே எடுத்தார். நிர்வாகிகள் அழைத்தால் ஞாயிற்றுக்கிழமையும் எடுப்பார்.

"ஏன்ரீ குணசேகர், ஹேகிதீரா? லெஃப்ட் சைடு நோவு ஜாஸ்தியா?" என்று கன்னடம் கலந்து நலம் விசாரித்தார்.

தன் இடுப்பைப் பற்றி இல்லை என்றார் குணசேகர். இந்த ஆண்டு எத்தனை பேருக்குக் கழன்றது, எத்தனை பேருக்கு மறு அறுவை ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். அந்தக் கணக்கெல்லாம் மருத்துவமனையில் இருக்கிறது, உலகத்தில் எங்கே செய்தாலும் நூற்றில் சிலருக்கு அப்படி ஆகும், குழுவில் இதைப் பேசினால் நோயாளிகளுக்குத்தான் நஷ்டம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். குரல் மாறவில்லை. தனக்கு எதிராக யாராவது பேசச் சொன்னார்களா என்றுகூட அவர் கேட்கவில்லை. குணசேகர் சண்முகத்தின் பெயரைச் சொன்னார், பச்சைத் துணிக்குப் பின்னால் கேட்ட பேச்சையும் சொன்னார்.

டாக்டர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

"நாளைக்கு அந்த தமயந்தி கேஸ்தானே உங்க கவலை? அத நானே முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பண்றேன். தையல்கூட நான்தான். உங்களுக்காக. சரியா?"

"மத்த நாலு பேருக்கு, டாக்டர்?"

"டீம் இருக்கு ரீ. எல்லாம் நான் ட்ரெயின் பண்ண பசங்க."

போனை வைத்த பிறகு குணசேகர் அங்கேயே நின்றார். 2022 ஆகஸ்டில் அவருக்கு அறுவை நடந்த அன்று வேறு யாருக்கும் நடக்கவில்லை. டாக்டர் முந்தின நாள் மாலை வந்து கட்டில் ஓரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். மெர்சிக்கும் அப்படித்தான். நாளை தமயந்திக்கும் அப்படியே நடக்கும். தமயந்தி நன்றாக நடப்பார், படம் எடுத்து அனுப்புவார், குணசேகர் டிக் போடுவார். நிர்வாகிக்குத் தெரிந்தவர்களுக்கு டாக்டரின் கை. தெரியாதவர்களுக்கு யாருடைய கையோ. நல்லபடியாக முடிந்தவர்கள் குழுவில் தங்கிப் பேசுகிறார்கள், அவர்கள் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் போகிறார்கள். இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாக அவருக்குத் தோன்றவில்லை.

டாக்டர் சொன்னதை மட்டும் நம்பிச் சும்மா இருந்துவிடலாம். தமயந்திக்கு ஒரு குறையும் வராது. தன் ஜனவரித் தேதியும் அப்படியே இருக்கும்.

மூன்றே முக்காலுக்கு அவர் மருத்துவமனை வரவேற்புக் கூடத்தில் இருந்தார். தமயந்தி ஒரு கைத்தடியோடும் உத்தமன் ஒரு பெரிய பையோடும் வந்தார்கள். தைரியம் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து உத்தமன் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். குணசேகர் அவர்களை ஜன்னலோரம் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். எழுபத்தொன்று எப்படி வந்தது, யாரையெல்லாம் நீக்கினார், சண்முகம், டாக்டர் கொடுத்த வாக்கு, எதையும் விடவில்லை. அக்டோபரில் தான் சொன்னது தவறு என்றும் சொன்னார்.

உத்தமனின் முகத்தில் சிரிப்பு போய் வெகு நேரமாகியிருந்தது.

"ஏன்ணா, நல்லா கேக்குறேன். கவர்மென்ட் டாக்டர் பிப்ரவரின்னாரு. வேணாம், இங்க வான்னது நீங்க. இப்ப அட்மிஷன் கவுன்டர்ல வந்து நின்னுட்டு, வேணாம்ங்கறதும் நீங்க. உங்களுக்கு ஞாயித்துக்கெழமை வேற வேலை இல்லியா?"

"வேணாம்னு நான் சொல்லல உத்தமன். தெரிஞ்சத சொல்லிட்டேன்."

"அதான் டாக்டரே பண்றேன்னுட்டாரு இல்ல? அப்புறம் என்ன? நம்ம வேலை ஆச்சுன்னா போதும், ஊரு கத எதுக்கு?"

தமயந்தி குணசேகர் பக்கம் திரும்பினார். ஏழு பேரில் பெண்கள் எத்தனை பேர், அவர்களில் யாராவது வேலைக்குத் திரும்பினார்களா என்று கேட்டார். மூன்று பேர், ஒருவரும் திரும்பவில்லை என்றார் குணசேகர். தமயந்தி கைத்தடியை ஊன்றி எழுந்து கவுன்டருக்குப் போனார்.

சம்மதப் படிவம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இருந்தது. விவேக் நகரில் வளர்ந்த தமயந்தி கன்னடம் படித்தவர். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். டாக்டர் ராகேஷும் அவரது குழுவினரும் அறுவை செய்ய ஒப்புக்கொள்கிறேன் என்று இருந்த இடத்தில் விரல் நின்றது. மூட்டை உள்ளே பொருத்துவதும் தையல் போடுவதும் டாக்டர் ராகேஷ் மட்டும்தான், உதவிக்கு யார் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று கீழே ஒரு வரி எழுதி, டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார். கவுன்டரில் இருந்த பெண் அப்படியெல்லாம் எழுதுவதில்லை என்றார். ஒரு இளம் டாக்டர் வந்தார். இது சட்டப்படி தயாரித்த படிவம், இதில் ஒருவருக்காக மாற்றம் செய்ய முடியாது என்றார். மயக்க மருந்து கொடுப்பவர், உதவியாளர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் குழு என்றும், இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

"எங்க ஃபேக்டரியில ஒரு காலர் தச்சாலும் பண்டல் ஸ்லிப்புல என் நம்பர் இருக்கும் டாக்டர்," என்றார் தமயந்தி. "தையல் பிரிஞ்சு வந்தா, யாரு தச்சான்னு அர நிமிஷத்துல சொல்லிருவாங்க. சட்டைக்கே அது உண்டு. நான் வேற ஒண்ணும் கேக்கல."

இளம் டாக்டர் தள்ளிப் போய் டாக்டர் ராகேஷுடன் பேசிவிட்டு, போனைத் தமயந்தியிடம் கொடுத்தார். தமயந்தி கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை மட்டும், சொல்றத எழுதறதுக்கு என்ன சார் கஷ்டம் என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் வந்தார்.

"நம்பிக்கை இல்லாதவங்களுக்கு பண்ண மாட்டாராம்," என்றார் கணவரிடம்.

"கையெழுத்து போடு தமயா." உத்தமன் குரலைத் தாழ்த்தினார். "ஜனவரி இருவது. மறந்துட்டியா? இத விட்டா வேலை போச்சு."

"வேலை போனா வேற வேலை தேடலாம். இடுப்பு போனா எதுல உக்காந்து தைக்கிறது?"

"அவருதான் பண்றேன்னு சொல்றாரே."

"எழுத மாட்டேங்கறாரே."

உத்தமன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அப்படியே நின்றார். லிஃப்ட் ஒருமுறை திறந்து மூடியது. பிறகு வாகன நிறுத்தத்தை நோக்கி நடந்தார். தமயந்தி அவர் பின்னால் மெதுவாகப் போனார்.

நான்கு ஐம்பதுக்குக் குணசேகர் அதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்து புதிய பட்டியலைக் குழுவில் போட்டார். அதில் ஆண்டு வாரியாகச் செய்துகொண்டவர்கள், வீடியோ அனுப்பியவர்கள், விட்டுப் போனவர்கள், அவர் பேசிய பதினோரு பேர், அவர்களில் நன்றாக இல்லாத ஏழு பேர் என்ற விவரம் இருந்தது. பழைய பன்னிரண்டு பேரிடம் பேசவில்லை என்பதையும் எழுதினார். மற்ற மருத்துவர்களிடம் செய்துகொண்டு விட்டுப் போனவர்களையும் இன்னும் அழைக்கவில்லை, ஆகவே இதை வைத்து யார் நல்லவர் என்று முடிவு செய்ய முடியாது என்று கடைசி வரியில் சேர்த்தார். பதினோரு நிமிடம் கழித்து மெர்சி அந்தப் பதிவை நீக்கினார். அதற்கு இரண்டு நிமிடம் கழித்துக் குணசேகரையும் நீக்கினார். அந்தப் பதினோரு நிமிடத்தில் பதிவைப் பார்த்தவர்களில் மூன்று பேர் அவரை அழைத்தார்கள். அவர்களுக்குச் சண்முகத்தின் எண்ணைக் கொடுத்தார்.

திங்கட்கிழமை அந்த மருத்துவமனையில் நான்கு பேருக்கு இடுப்பு மாற்று அறுவை நடந்தது.

தமயந்தி வேலை பார்த்த கம்பெனி 2025 ஜனவரி 21 அன்று அவர் மெஷினை வேறொருவருக்குக் கொடுத்தது. பிப்ரவரி 13, வியாழக்கிழமை, அரசு மருத்துவமனையில் அவருக்கு அறுவை நடந்தது. மே முதல் வாரத்தில் பொம்மசந்திராவில் வேறொரு யூனிட்டில், தைத்து வந்த சட்டைகளைச் சரிபார்க்கும் மேசையில், முன்பைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்ந்தார்.